நரம்புக்கலக் கொள்கையின் தோற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

உயிரினங்கள் கலங்களாலானவை என்பதை 1839 இல் சுவான் பொதுக்கொள்கையாக நிறுவினார். எனினும் நரம்பிழையம் அதற்கு விலக்கோ என்ற ஐயம் அரைநூற்றாண்டு காலம் நீடித்தது.

1873 இல் இத்தாலியரான கொல்கி, பொற்றாசியம் இருகுரோமேற்று, வெள்ளி நைத்திரேற்று ஆகியவற்றால் நரம்புக்கலங்களுட் சிலவற்றை மாத்திரம் முழுமையாகக் கருமையூட்டும் முறையைக் கண்டறிந்தார். ஆயினும், அவற்றின் நார்கள் இடையறாத வலையாகப் பின்னியுள்ளன என்றே அவர் கொண்டார். அதே முறையைக் கையாண்ட ஸ்பானியரான கஹால், 1888 இல் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்து, ஒவ்வொரு கலமும் தனித்தது என்றார். கிளைகள் கணத்தாக்கத்தைப் பெற, நீண்ட நார் அதனைச் செலுத்துகின்றது என்பதும் பின்னர் அவர் தந்த விளக்கமே.

ஐரோப்பிய அறிவுலகின் விளிம்பில் நின்ற கஹால் தம் ஆய்வுகளைத் தம் செலவிலேயே அச்சிட நேர்ந்தது. 1889 இல் பேர்லின் மாநாட்டில் தம் மாதிரிகளை நேரிற் காட்டிய பின்னரே அறிஞர் அவருக்குச் செவிசாய்த்தனர். 1891 இல் வால்டயர் அக்கலத்திற்கு 'நியூரோன்' எனப் பெயரிட்டார்.

1906 இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அம்மேடையிலும் கொல்கி கஹாலின் கொள்கையை மறுத்தே உரையாற்றினார். 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி நரம்பிணைப்பின் நுண்ணிய இடைவெளியைக் காட்டியது. சில கலங்களிடையே நேரடி வாயில்கள் உள்ளமையும் பின்னர் தெரியவந்தது.

ஒரே சாயமுறை இரு முடிபுகளுக்கு இடமளித்தது. எனவே, விஞ்ஞான வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மாத்திரம் எழுதுதல் போதாது. எவர் குரல் எங்கு கேட்கப்பட்டது என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.