மல்லாக்கவா, ஒருக்களித்தா?

இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் உலோகத்தின், பிளாஸ்டிக்கின் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நோயாளி மேசைமேல் எப்படிப் படுத்திருந்தார் என்பதைப் பற்றி யாரும் பெரிசாப் பேசுவதில்லை. ஆனா, வைத்த மூட்டு நிலைக்குமா நழுவுமா என்பதில் அதற்கும் பங்குண்டு.

1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, அடர் பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். முன்பு வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில வருஷத்திலேயே தேய்ந்துபோயிருந்தன. அவர் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்தே செய்தார். தொடையெலும்பின் வெளிப்பக்கம் புடைத்து நிற்கும் முடிச்சை வெட்டித் தூக்கிவிட்டு மூட்டுக்குள் போவார். கடைசியில் அதைக் கம்பியால் கட்டுவார். மல்லாந்து கிடப்பவரின் இடுப்பெலும்பின் இரண்டு முன்முனைகளும் கைக்குத் தட்டுப்படும். இடுப்பு மட்டமா, கோணலா என்பது தொட்டாலே தெரியும்.

சிக்கல் அந்தக் கம்பியில்தான். சிலருக்கு அது அறுந்துவிடும், எலும்பு கூடாது. எலும்பை வெட்டாமல் பின்பக்கமாக நுழையும் வழி ஒன்றும் இருந்தது. தென் கரோலினாவின் ஆஸ்டின் மூர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதற்கு ஒருக்களித்துப் படுக்கவைப்பதே வழக்கமாயிற்று. மூட்டு நன்றாகத் தெரியும், உதவியாளர்களுக்கும் நிற்க இடம் கிடைக்கும்.

ஆனா அதற்கும் ஒரு விலை இருந்தது. ஒருக்களித்தவரின் இடுப்பு முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்துத்தான் நிற்கும். தொடையை இழுத்துப் பிடிக்கும்போது அது மெல்ல முன்பக்கம் உருளும். மேலே துணி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் மேசையை அளவாக வைத்துக் கிண்ணத்தைச் சரியான முன்சாய்வில் பொருத்துவார். நோயாளி எழுந்தபின் பார்த்தால் சாய்வு குறைந்திருக்கும். அப்புறம் ஒருநாள் தாழ்வான நாற்காலியில் உட்காரும்போது பந்து பின்பக்கமாக நழுவும். கை தவறவில்லை, அளவுகோல்தான் நகர்ந்துவிட்டது.

1978இல் லெவினெக்கும் உடனிருந்தோரும் 300 மூட்டுகளை ஆராய்ந்து, கிண்ணத்தின் சரிவு 40 பாகை, முன்சாய்வு 15 பாகை, இரண்டிலும் 10 பாகை முன்னே பின்னே இருக்கலாம் என்று ஒரு 'பாதுகாப்பான வட்டாரம்' வகுத்தார்கள். அதற்குள் இருந்தவற்றில் 1.5 சதவீதமும், வெளியே இருந்தவற்றில் 6.1 சதவீதமும் நழுவின. எக்ஸ்ரே எடுக்கும்போது இடுப்பு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, குமிழி வைத்த முக்காலி ஒன்றை இடுப்பின் முன்முனைகள் மேலும் முன்னடி எலும்பின் மேலும் வைத்தார்கள். நம்ம ஊர்க் கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டம்தான், வேறில்லை.

பாரிஸில் ஜூடே சகோதரர்கள் 1940களின் கடைசியிலேயே மல்லாக்கப் படுக்கவைத்து முன்பக்கமாக மூட்டுக்குள் போனார்கள். 1996 முதல் அமெரிக்காவில் ஜோயல் மாட்டா அந்த வழியைப் பரப்பினார். மல்லாந்த நிலையில், அறுவையின் நடுவிலேயே எக்ஸ்ரேயில் கிண்ணத்தைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அதற்காக ஒருக்களிப்பு ஒழிந்துவிடவில்லை. இன்றும் பல இடங்களில் அதுவே வழக்கம். முட்டுக்களை இறுக்கி வைப்பதில்தான் கவனம் எல்லாம்.

கணினி வழிகாட்டிகள் வந்த பிறகும் அவற்றில் பல முதலில் கேட்பது அந்த மூன்று எலும்பு முனைகளைத்தான். கத்தி எடுப்பதற்கு முன், முட்டு வைத்து இடுப்பை நிறுத்தும் அந்தச் சில நிமிஷங்களும் சிகிச்சையில் சேர்ந்தவைதான். வரலாற்றில் அவற்றைச் செய்த கைகளுக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.