பாட்டு வாத்தியாரின் கண்ணாடி

மைசூரில், ஜயசாமராஜ உடையார் அளித்த நிலத்தில், 1966-ல் இராஷ்டிரபதி ராதாகிருஷ்ணன் அஸ்திவாரக்கல் நாட்டிய அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தின் வாயிலைக் கடக்கும்போதெல்லாம், வீணை சேஷண்ணரும் வாசுதேவாச்சாரியாரும் சமஸ்தான வித்வான்களாக விளங்கிய ஊரிலேயே குரலின் பிணிகளை ஆராயும் கலாசாலையும் அமைந்தது எத்தனை பொருத்தம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஏனெனில் குரல்வளை வைத்தியத்துக்கே வழிகாட்டியவர் வைத்தியரல்லர், ஒரு பாட்டு வாத்தியார்.

மானுவேல் கார்சியா என்ற அந்த ஸ்பானியர், 1854-ல் பாரிஸ் நகரில், பல் வைத்தியர் உபயோகிக்கும் நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது திருப்பி, தமது குரல்நாண்கள் விரிந்து குவிவதைத் தாமே தரிசித்தார். மறு வருஷமே அவ்விவரம் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது.

ஆயினும், காண்பது வேறு, இன்னதென்று நிச்சயிப்பது வேறு. 1887-ல் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் குரல் கம்மியபோது, மெக்கன்சி என்ற ஆங்கில வைத்தியர் கண்ணாடியின் உதவியால் தொண்டைக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார். அதை மைக்ராஸ்கோப்பில் பரிசோதித்த நோய்க்கூற்றியல் மகா மேதை விர்ஷோ, புற்றுநோய்க்கு அடையாளமில்லை என்றார். சித்தமாயிருந்த ரண சிகிச்சை கைவிடப்பட்டது. மறு ஆண்டு அரியணை ஏறிய பிரெடரிக் 99 நாட்களே ஆண்டு, அந்நோயாலேயே மாண்டார். விர்ஷோவின் கண்ணில் பிழையிருந்ததாக நான் நினைக்கவில்லை. எங்கே கிள்ளுவது என்று கட்டியின் அருகில் நின்று சொல்ல ஒரு மைக்ராஸ்கோப் இல்லாததே குறை.

அத்தகைய கருவியை உடலுக்குள் செலுத்துவதற்கு இடையூறாக நின்றது வெளிச்சம். உருவத்தைப் பெருக்கப் பெருக்க அது மங்கும் என்பது ஒளியியலின் நியதி. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியோடு 1954-ல் கண்ணாடி இழைக் கற்றை வழியே பிம்பத்தைக் கடத்திக் காட்டிய ஒளியியல் அறிஞர் ஹாப்கின்ஸ், 1959-ல் உடலுக்குள் பார்க்கும் பழைய குழாயின் அமைப்பையே தலைகீழாக்கினார்: சிறு வில்லைகளுக்கிடையே நீண்ட காற்றிடைவெளி இருந்த இடத்தில், நீண்ட கண்ணாடித் தண்டுகளும் அவற்றினிடையே சிறிதளவு காற்றும். ஒளி பன்மடங்கு பெருகிற்று.

அதன் பயனாக, 1980-ஐ ஒட்டி பிரான்சில் ஹமூ என்ற வைத்தியர் கருப்பையைக் காணச் செய்த கருவி 150 மடங்கு வரை பெருக்கிக் காட்டியது. 1995 அளவில் லிஸ்பனில் ஆந்திரேயா, டியாஸ் என்ற வைத்தியர்கள் இவ்வாறு பெருக்கிக் காணும் முறையைக் குரல்வளைக்குக் கொணர்ந்தனர். குரல்நாணின்மேல் மெதிலீன் நீலச் சாயத்தைப் பூசி, மெல்லிய குழாயின் நுனியை அதன்மேல் தொடும்படி வைத்தால், உயிரணுக்களின் உட்கருக்கள் நீலப் புள்ளிகளாகத் தெரியும்; அவை அளவிலும் அணிவகுப்பிலும் ஒழுங்கு குலைந்திருந்தால் வைத்தியர் சந்தேகிக்கிறார். மேலடுக்குக்குக் கீழே நோய் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் இக்கருவி சொல்லாது. அதற்கு இன்றும் துணுக்கு எடுத்தே ஆகவேண்டும்.

மீண்டும் மைசூருக்கு வருவோம். மைசூர் வெற்றிலையின் கீர்த்தி நாடறிந்தது. வெற்றிலையின்மேல் எனக்குப் புகாரில்லை. அதனோடு கூடும் பாக்கும் புகையிலையுமே வாயையும் தொண்டையையும் கெடுப்பவை. அவ்வாறு குரல் கம்மி வருபவரைத் தொண்டைக் கண்ணாடியின் முன் அமர்த்தி, நாண்கள் நன்கு தெரியும்பொருட்டு 'ஈ' என்று நீட்டி ஒலிக்கச் சொல்கிறார்கள். பாட்டு வாத்தியாரின் முன் அமர்ந்த மாணாக்கனைப் போல அவரும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு தொடங்குகிறார்.