கொயினாவும் இதயத் துடிப்பும்

கொயினா என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கசப்பு அப்படி! மலாயாத் தோட்டங்களை மலேரியா ஆட்டிப் படைத்த காலத்தில், பெரட்டிலேயே கொயினா கொடுத்து விழுங்க வைத்ததுண்டு. அந்த மரப்பட்டைக்கு இதயத்தோடும் உறவு உண்டு.

1912ஆம் ஆண்டு, வென்கெபாக் என்ற டச்சு மருத்துவரிடம் ஒரு வணிகர் வந்தார். நாடி தாறுமாறாக ஓடியது. உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தம்மால் முடியும் என்றார் வணிகர்! மறுநாள் காலை ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார். மலேரியா நாடுகளில் பழகிய கொயினாவில் ஒரு கிராம் விழுங்கியிருந்தார். நோயாளியின் பேச்சைத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்த்தாரே, அதற்காகவே அந்த மருத்துவரை நாம் பாராட்ட வேண்டும். 1914இல் அதை எழுதியும் வைத்தார். 1918இல் பெர்லினில் ஃபிரை என்பவர், அதே பட்டையிலுள்ள குயினிடின் இன்னும் வலியது என்று கண்டார்.

அது செய்வது என்ன? இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு முடிச்சு உண்டு. அங்கே பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள வாசலில் சற்றே தங்கி, கீழறைகளுக்கு இறங்குகிறது. பெரட்டில் ஒருவர் பேர் கூப்பிட்டால் ஒழுங்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால்? அந்த வணிகரின் மேலறைகளில் அப்படித்தான் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடியது. குயினிடின், இதயத் தசைக்குள் சோடியம் நுழையும் வழிகளை அடைக்கிறது, மின்னோட்டம் மெதுவாகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னுள்ள ஓய்வையும் நீட்டுகிறது. சுற்றி வரும் மின்னோட்டம், ஓய்விலிருக்கும் தசையில் முட்டி அணைந்துபோகிறது.

ஆனால் அந்த ஓய்வு மிதமிஞ்சி நீண்டால் கீழறைகள் வெறிபிடித்தாற்போல் துடிக்கும். மருந்து குடித்த சிலர் திடீரென மயங்கி விழுந்ததன் காரணம், 1960களில் இதய மின்வரைபடங்களைக் கூர்ந்து கவனித்தபோதுதான் தெளிவாயிற்று. வீட்டிலே தாமாக எடுத்து விழுங்கும் மருந்தல்ல இது!

இன்று மேலறைக் கோளாறுக்கு இதை அரிதாகவே கொடுக்கிறார்கள். எனினும், 1992இல் புருகாடா சகோதரர்கள் விளக்கிய ஓர் இதயநோய் உண்டு. நம் தென்கிழக்காசியாவில், திடமான ஆண்களைக்கூட உறக்கத்திலேயே கொன்றுவிடும் நோய் அது. அதை அடக்கக் குயினிடின் இன்றும் உதவுகிறது. வாங்குவோர் குறைந்ததால், பல நாடுகளில் அது கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது.