முதலும் சினையும்: முழுமை பற்றிய வழக்கில் தொல்காப்பியர் நிலைப்பாடு

மரம் என்பது வேர், அடி, கிளை, இலை ஆகியவற்றின் தொகுதிக்கு இட்ட பெயர் மட்டுந்தானா, அன்றி அவற்றின் வேறாய் நிற்கும் ஒரு பொருளா? இந்தியத் தருக்க நூலார் பல நூற்றாண்டுகள் வழக்காடிய வினா இது. உறுப்பினை அவயவம் என்றும், உறுப்புகளையுடைய முழுமையை அவயவி என்றும் அவர்கள் வழங்கினர்.

பௌத்தர் முழுமையை மறுத்தனர். மிலிந்த பஞ்ஞாவில் நாகசேனர் தேரினை எடுத்துக்காட்டி, அச்சும் உருளையும் தனித்தனியே தேர் அல்ல, அவற்றின் தொகுதியும் தேர் அன்று, அவற்றுக்குப் புறம்பாகவும் தேர் இல்லை, தேர் என்பது வழக்குப் பெயரே என நிறுவுகிறார். நியாய நூலார் இதற்கு உடன்படவில்லை. அணுக்கள் புலனுக்கு எட்டாதவை. முழுமை என ஒன்று இல்லையேல் குடமும் மரமும் கண்ணுக்குப் புலப்படுவது எவ்வாறு என்பது அவர்தம் வினா. சேனையும் காடும் தொலைவில் ஒன்றாகத் தோன்றுவது போல அணுத்திரளும் தோன்றலாமே என்னும் தடையையும் நியாய சூத்திரமே எழுப்பி, வீரரும் மரங்களும் காணத்தக்கவர், அணுக்களோ அத்தகையன அல்ல என விடையிறுக்கிறது. உறுப்பும் முழுமையும் பிரிவின்றி இயைந்து நிற்கும் தொடர்பே சமவாயம். வைசேடிகர் கொண்ட ஆறு பொருள்களுள் ஒன்றாகிய இதனை மணிமேகலை ‘கூட்டம்’ எனத் தமிழாக்கியுள்ளது. சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருதத்தக்க ஆட்சி இது.

இவ்வழக்கினைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார் எனக் கூறச் சான்றில்லை. எனினும் வேற்றுமை மயங்கியலில் அவர் இவ்வினாவை வேறொரு வாயிலாக அணுகுகிறார். ‘மரத்தினது கிளையை வெட்டினான்’, ‘மரத்தைக் கிளைக்கண் வெட்டினான்’ என ஒரே செயலை இருவகையாகக் கூறலாம். முதல் ஆறாம் வேற்றுமை ஏற்பின் சினை இரண்டாவது ஏற்கும். முதல் இரண்டாவது ஏற்பின் சினை ஏழாவது ஏற்கும். இவ்வளவோடு நில்லாமல், முதலும் சினையும் பொருளால் வேறுபட்டவை அல்ல, சொல்லுவோன் குறிப்பினால் அவ்வாறு ஆகின்றன எனவும் அவர் விதிக்கிறார். யானையின் சினையாகிய கோடு, தன் நுனியை நோக்க முதலாகிவிடும் என்பர் உரையாசிரியர்.

முழுமை தனிப்பொருள் என்னும் நியாயக் கொள்கைக்கு இது இடந்தரவில்லை. வெறும் பெயரே என்னும் பௌத்தக் கொள்கைக்கும் முழுதாக உடன்படவில்லை. வேறுபடாமை கூறப்பட்டதேயன்றி இன்மை கூறப்படவில்லை. இலக்கணி சொல்வழக்கினையே ஆராய்ந்தார், மெய்யியல் பேசவில்லை என மறுப்போர் இருக்கலாம். வழக்கினை விளக்கப் பொருளின் இயல்பைச் சுட்ட நேர்ந்ததே இங்குக் கருதற்குரியது. மேலும், குவியல் போன்ற பிண்டப் பெயர்களுக்கும் அவ்விதியே பொருந்தும் எனத் தனி நூற்பாவால் கூறுகிறார். இரண்டும் ஒரே தன்மையின எனில் தனி நூற்பா வேண்டியதில்லை. நெற்குவியலுக்கும் நெற்பயிருக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தே, மொழி அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை என அவர் கூறியதாகக் கொள்வதே பொருத்தம். நியாய நூலார் சேனையையும் காடு என்பதையும் கொண்டு வாதிட்ட இடமும் இதுவே.

நம் வகுப்பறைகளிலோ பெயர்ச்சொல்லின் அறுவகையுள் ஒன்றாகச் சினைப்பெயர் கற்பிக்கப்படுகிறது. கை, கால், கிளை, இலை எனப் பட்டியல் மனனம் செய்யப்படுகிறது. ‘கிளையினது நுனியை ஒடித்தான்’ என்னும் தொடரில் கிளை முதலா, சினையா என வினவும் மாணவனுக்கு அப்பட்டியலில் விடையில்லை. வேற்றுமை மயங்கியலில் உண்டு.