பழைய அசீரியாவில் சட்டமும் நீதிமன்றமும்

மெசபடோமியச் சட்டம் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருபவர் ஹம்முராபிதான். ஆனால் அவருடைய சட்டங்கள் கல்லில் ஏறுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பே, டைக்ரிஸ் நதிக்கரையில் இருந்த அசூர் நகரத்தார் சாட்சி, சத்தியம், மேல்முறையீடு என்று முறையாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள்!

இது எப்படித் தெரியும்? அசூர் வணிகர்கள் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றிக்கொண்டு, சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, இன்றைய துருக்கியில் உள்ள கானேஷ் நகரில் வியாபாரம் செய்தார்கள். அங்கே அவர்கள் வாழ்ந்த பகுதியில் 20,000க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை கி.மு. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கானேஷில் வணிகர் சபையே நீதிமன்றம். சாட்சிகள் அசூர் கடவுளின் குத்துவாள் முன்பு சாட்சி சொன்னார்கள். அங்கே தீராத வழக்கு தாய்நகரின் சபைக்குப் போனது. அசூரை ஆண்டவனோ தன்னை அரசன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கடவுளே அரசன், தான் அவருடைய பிரதிநிதி என்றான். "நகரம் தீர்ப்பளித்தது" என்று கடிதம் எழுதி அனுப்புவதுதான் அவன் வேலை.

இந்தப் பலகைகளில் லாகிபும் என்பவனும் ஹதலா என்பவளும் செய்த திருமண ஒப்பந்தம் ஒன்று உண்டு. அவன் விலகினால் 5 மினா வெள்ளி (சுமார் இரண்டரை கிலோ) தர வேண்டும். அவள் விலகினாலும் அதே 5 மினாதான்!

இனி சில நூற்றாண்டுகள் தாண்டி வருவோம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வணிக நகரமான அசூர், பேரரசன் ஆளும் நாடாக மாறியது. அந்தக் காலத்துச் சட்டங்களின் பிற்காலப் பிரதிகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் அசூரில் தோண்டி எடுத்தார்கள். மனைவியை விலக்கும் கணவன் விரும்பினால் ஏதாவது கொடுக்கலாம், இல்லையென்றால் அவள் வெறுங்கையோடு போக வேண்டும் என்கிறது அதில் ஒரு விதி. விலைமகள் முக்காடு போட்டால் 50 அடி, தலையில் கீல் ஊற்ற வேண்டும் என்கிறது இன்னொன்று.

முதலாவது இரண்டு பேர் பேசி முடித்த ஒப்பந்தம், இரண்டாவது சட்டத் தொகுப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் ஒன்று கவனியுங்கள். வணிகர் குடும்பங்களில் பெண்கள் வீட்டில் துணி நெய்து விற்பனைக்கு அனுப்பினார்கள், தங்கள் பெயரிலேயே வெள்ளி சேர்த்தார்கள். ஒப்பந்தம் என்று உட்கார்ந்தால் அவர்களுக்கும் பேச இடம் இருந்தது. அந்தச் சட்டத் தொகுப்பிலோ பெண்ணின் சம்மதத்துக்கு இடமே அபூர்வம்.

காலம் போகப் போகச் சட்டம் தானாகவே நியாயமாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அசூரின் களிமண் பலகைகள் அப்படிச் சொல்லவில்லை, நண்பர்களே.