துறவிமடத்துச் சட்டமும் எஸ்கியூலைட்டும்

உங்கட ஃபோனில வட்ஸ்அப் செய்திகள் சேமிக்கப்படுவது எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தள மென்பொருளில்தான். பயர்பொக்ஸ், குரோமுக்குள்ளயும் அது இருக்கு. அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கியது. பதிப்புரிமை கோராமல் பொதுச்சொத்தாகவே விட்டுவிட்டார். உரிம அறிவித்தல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஆசீர்வாதத்தை எழுதி வைத்தார்.

இதைப் பாவிக்கிற நிறுவனங்கள் சில, "உங்களிடம் ஒழுக்கக்கோவை இருக்கா?" எண்டு படிவத்தில் கேட்டன. 2018இல் ஹிப் ஒன்றைப் போட்டார். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிய சட்டத்தின் 4ஆம் அத்தியாயம் அது. மொத்தம் 72 விதிகள். முதல் விதியே கடவுளை முழு மனதோடு நேசிக்கச் சொல்லுது. பிறகு நோன்பை விரும்பு, அதிகம் சிரிக்காதே எண்டெல்லாம் போகுது.

அந்த ஒக்டோபரில்தான் பலர் இதைக் கவனித்தார்கள். நேரமும் சூடான நேரம். செப்டெம்பரில் லினக்ஸ் கேர்னல் புதிய ஒழுக்கக்கோவையை ஏற்றிருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியிருந்தார். அப்படியான கோவைகளில் மதம் என்பது யாரையும் ஒதுக்கக்கூடாத காரணங்களில் ஒன்று. இங்கே மதமே கோவையாக வந்து நிக்குது! நம்பிக்கையில்லாதவருக்கு இதில் என்ன இடம் எண்டு கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒருவரும் இதைப் பின்பற்றத் தேவையில்லை, இது தங்கட குழுவின் வாக்குறுதி மட்டுமே எண்டு முன்னுரையில் ஹிப் எழுதியிருந்ததைப் பலர் வாசிக்கவேயில்லை. கடைசியில் அதற்கு "நெறிக்கோவை" எண்டு பெயர் மாற்றி, ஒழுக்கக்கோவையாக மொசில்லாவின் வழிகாட்டல்களை எடுத்துக்கொண்டார்.

என்னைப் பொறுத்தவரை சிக்கல் கடவுள் இல்லை. 4ஆம் அத்தியாயம் நான் எப்படி நடப்பேன் எண்டு சொல்லுது. எனக்கு ஒருவர் அநியாயம் செய்தால் யாரிடம் போவது எண்டு சொல்லேல்ல. லினக்ஸில் ஏச்சு வாங்கினவர்களுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டாவது விசயம்தான்.

வேடிக்கை என்னவெண்டால், ஆசீர்வாதப்பரிடம் அதுவும் இருக்கு. 23இலிருந்து 30 வரையான அத்தியாயங்களைப் பாருங்கோ: தவறு செய்தவரை மூத்தவர்கள் இரண்டு தரம் தனியாகக் கண்டிக்கவேண்டும், பிறகு எல்லார் முன்னாலும். அதற்கும் கேளாவிட்டால் விலக்கிவைப்பு. சின்னப் பிழையெண்டால் மற்றவர்கள் சாப்பிட்டு முடிந்த பிறகு தனியச் சாப்பிடவேண்டும். பெரிய பிழைக்குச் செபக்கூடத்திலும் இடமில்லை. விலக்கப்பட்டவர் துயரத்தில் மூழ்கிப்போகாமல், அனுபவமுள்ள துறவிகளை மடத்தலைவர் இரகசியமாக ஆறுதலுக்கு அனுப்பவேண்டும். மடத்தைவிட்டுப் போனவரை மூன்று தடவை வரை திருப்பி எடுக்கலாம்.

ஹிப் இந்தப் பக்கங்களை எடுக்கவில்லை.