மங்கலம் வட்டாரச் சுற்றுலா வளர்ச்சி

திருப்பூருக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் கரையோர ஊர் மங்கலம். விசைத்தறியும் பின்னலாடையும் இவ்வட்டாரத்தின் பிழைப்பு. இங்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வணிகத்துக்காகவே வருகின்றனர். தங்கும் விடுதிகளும் வாடகைக் கார்களும் அவர்களை நம்பியே பெருகின. பொழுதுபோக்குச் சுற்றுலா பின்தங்கியது. அதற்கு முதன்மைக் காரணம் நீர் மாசு.

சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீரே தேங்கி, கீழ்ப்பகுதி உழவர்களை வாட்டியது. கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

நீர்நிலையைக் காத்தால் சுற்றுலாவுக்கு வழி பிறக்கும் என்பதற்குச் சிறந்த சான்று, திருப்பூர்-ஊத்துக்குளிப் பக்கமுள்ள நஞ்சராயன் குளம். நல்லாற்று நீரால் நிரம்பும் இக்குளத்தின் பரப்பு ஏறக்குறைய 126 ஹெக்டேர். வரித்தலை வாத்து உள்ளிட்ட வலசைப் பறவைகள் இங்கு வருகின்றன. உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் பல்லாண்டுகள் பறவைகளைக் கணக்கெடுத்துக் குரல்கொடுத்ததைத் தனியே சொல்ல வேண்டும். அரசு பின்னரே வந்தது. 2022இல் இது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது; 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி பெற்றது.

திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே திருமூர்த்திமலை, அமராவதி அணை, முதலைப் பண்ணை ஆகியன உள்ளன. ஞாயிறு ஒருநாளே ஓய்வு கிடைக்கும் பனியன் தொழிலாளிக்கு அவை தொலைவு. பக்கத்துக் குளமே அவருக்குரிய சுற்றுலாத்தலம். ஆகவே இவ்வட்டாரத்தில் குளத்தைத் தூய்மையாக வைத்திருப்பதே முதல் சுற்றுலா முதலீடு. கடையும் படகும் அதற்கு அடுத்தவை.